கொல்லிமலைக் கண்காட்சியும் ஓரி வள்ளலும்

கடையெழு வள்ளல்கள் யாவர் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளை அருகழைத்துக் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்ட வேகம் குறையாமல் பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி என்று ஏழு பெயர்களையும் ஒப்புவித்து விடுவார்கள். அடுத்து, அவர்கள் கொடுத்தது என்ன என்று கேளுங்கள். மயிலுக்குப் போர்வை தந்தவன் பேகன். முல்லைக் கொடிக்குத் தேரை விட்டவன் பாரி. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன் அதியமான் என்று விடை வரும். ஓரியின் முறை வந்ததும் பிள்ளை சற்றுத் தயங்கும். பிறகு, "அவர் ஒரே அம்பிலே ஐந்து மிருகங்களைக் கொன்றவர்" என்று சொல்லும்.

கொடுத்ததற்காக வள்ளல் என்று போற்றப்பட்ட ஒருவன், கொன்றதற்காக மட்டும் நினைவில் நிற்பது விந்தையன்றோ! குற்றம் பிள்ளையுடையதன்று. பெரியவர்களாகிய நாமும் அவனை அப்படித்தான் நினைவுகூர்கிறோம். அதைக் கண்கூடாகக் காண வேண்டுமானால் ஆடி மாதத்தில் கொல்லிமலைக்குச் சென்று வர வேண்டும்.

கோவையிலிருந்து ஈரோடு, திருச்செங்கோடு வழியாக நாமக்கல் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அங்கிருந்து சேந்தமங்கலத்தைக் கடந்து காரவள்ளி அடிவாரத்தை அடைந்தால், 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மலைமேல் செல்லலாம். முன்னர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இம்மலை, 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் அடங்கியுள்ளது. மலையாளி என்னும் பெயருடைய பழங்குடி மக்கள் (கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள் இவர்கள்) சாமையும் தினையும் மிளகும் காப்பியும் பயிரிட்டு வாழ்கின்றனர். மலையின் தலைமையூர் செம்மேடு. அங்கே ஓரிக்குச் சிலை உண்டு. அவன் பெயரால் அரங்கம் உண்டு. ஆடிப் பதினெட்டை ஒட்டி ஆண்டுதோறும் தமிழக அரசு அங்கே வல்வில் ஓரி விழாவை நடத்துகிறது. சிலைக்கு மாலை அணிவிப்பார்கள். வில்வித்தைப் போட்டி நடக்கும். கலை நிகழ்ச்சிகளும் உண்டு. அவற்றோடு மலர்க் கண்காட்சியும், மூலிகைக் கண்காட்சியும், அரசுத் துறைகள் தத்தம் பணிகளை விளக்கும் கண்காட்சியும் இடம்பெறும்.

பூக்களைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகின்றனர். அதில் குறைகாண ஒன்றுமில்லை. மலைவாழ் மக்களுக்கு நலத்திட்ட உதவிகள் அந்த மேடையில் வழங்கப்படுவதும் வரவேற்கத்தக்கதே. எனினும், ஒரு வள்ளலின் பெயரால் எடுக்கப்படும் விழாவில், ஒரு வள்ளலின் பெயர் தாங்கிய அரங்கில், அந்த வள்ளலின் வாழ்வைக் காட்டும் கண்காட்சி எங்கே என்ற கேள்வி எழத்தானே செய்யும்? அவனுக்கென்று ஓர் அறை ஒதுக்கினால் அதில் எதை வைப்பது?

இக்கேள்விக்கு விடை காண்பது எளிதன்று. ஏனெனில் ஓரியின் வாள் நம்மிடம் இல்லை, வில் இல்லை, அவன் பெயர் பொறித்த காசு இல்லை, கல்வெட்டு இல்லை, ஓவியம் இல்லை. இருப்பவை சில பாட்டுகள். அவையும் அவன் செய்தவை அல்ல. அவனிடம் கையேந்திச் சென்றவர்கள் பாடியவை.

யாருக்குக் கொடுத்தான்?

அந்தப் பாட்டுகளை எடுத்துப் பார்ப்போம். ஏழு வள்ளல்களையும் ஒருசேர வரிசைப்படுத்திச் சொல்லும் பழைய நூல் சிறுபாணாற்றுப்படை. நல்லூர் நத்தத்தனார் என்னும் புலவர் இயற்றியது. அதில் ஒவ்வொரு வள்ளலுக்கும் நாலைந்து அடிகளே உண்டு. அவ்வளவு சிறிய இடத்தில் ஒருவனைப் பற்றி எதைச் சொல்வது முக்கியமோ அதைத்தான் புலவர் சொல்லியிருப்பார். ஓரியைப் பற்றி அவர் சொல்லும் முதற் செய்தி, சிறு குன்றுகள் சூழ்ந்த நல்ல நாட்டைக் கோடியர்க்குக் கொடுத்தான் என்பதே. கோடியர் என்றால் கூத்தர். ஆடியும் நடித்தும் ஊர் ஊராய்ச் சென்று பிழைத்தவர்கள். அடுத்த செய்தி, அவன் குதிரையேறிக் காரியோடு போரிட்டான் என்பது. ஒரே அம்பில் ஐந்து உயிர் என்ற செய்தி அங்கே இல்லவே இல்லை!

ஆக, ஏழு வள்ளல்களுள் ஓரியின் தனி அடையாளம், நிலத்தைக் கலைஞர்களுக்கு எழுதி வைத்தவன் என்பது. பொன் கொடுத்தால் ஒரு தலைமுறைக்கு. நிலம் கொடுத்தால் பல தலைமுறைக்கு. சொந்த ஊர் என்று ஒன்றில்லாமல் அலைந்தவர்களுக்கு ஊரைக் கொடுத்திருக்கிறான். இன்றைய வழக்கில் சொன்னால் அவனைக் கலைப் புரவலன் என்று அழைப்பதே பொருந்தும்.

ஐந்து விலங்குகளின் கதை புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வருகிறது. பாடியவர் வன்பரணர். அந்தப் பாட்டையும் முழுதாகப் படிப்பவர் சிலரே. முதல் ஐந்தாறு அடிகளில் வேட்டை முடிந்துவிடுகிறது. யானையை வீழ்த்திய அம்பு புலியைக் கொன்று, கலைமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. நாம் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடி விடுகிறோம். உண்மையில் பாட்டு அதன் பிறகுதான் தொடங்குகிறது.

காட்டு வழியில் ஒரு கலைக்குழு வருகிறது. பசியோடு வருகிறார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இந்த வேட்டைக்காரனைப் பார்க்கிறார்கள். கூலிக்குக் கொல்பவனாகத் தெரியவில்லை. செல்வம் உடையவனாக இருக்கிறான். மார்பில் ஆரம் தவழ்கிறது. இவன்தான் ஓரியோ, அல்லனோ என்று குழுவின் தலைவனுக்கு ஐயம். ஐயத்தை வாய்விட்டுக் கேட்காமல், "விறலி, நான் ஒரு பாட்டுப் பாடுகிறேன்" என்று தொடங்கி, மற்றவர்களுக்கு ஆணையிடுகிறான். முழவைச் சரிசெய்யுங்கள், யாழில் பண்ணை நிறுத்துங்கள், யானைத் துதிக்கை போன்ற தூம்பை எடுங்கள், எல்லரியை முழக்குங்கள், ஆகுளியைத் தொடுங்கள், பதலையின் ஒரு முகத்தை மெல்லத் தட்டுங்கள். நடுக்காட்டில் கச்சேரி தொடங்கிவிடுகிறது. துறைகள் அத்தனையும் முறைப்படி பாடி முடித்து, 'கோ' என்று, அதாவது அரசே என்று அவனை விளிக்கிறார்கள்.

அப்போது அவன் என்ன செய்தான் தெரியுமா? நாணினான். தன்னைக் குறித்த சொல் அது என்பதால் வெட்கப்பட்டான். "நாங்கள் எத்தனையோ நாடு சுற்றி வருகிறோம், உம்மைப் போல் ஒரு வேட்டுவரை எங்கும் கண்டதில்லை" என்று தலைவன் தன் வேண்டுதலை மெல்லத் தொடங்குகிறான். அதை முடிக்கவும் அவன் விடவில்லை. வேட்டையாடிய மானின் ஊனைச் சமைத்துக் கொடுத்தான். உருக்கிய நெய் போன்ற கள்ளையும் கொடுத்தான் என்கிறது பாட்டு. (நமக்கு ஆகாத பொருள், அக்காலத்து விருந்து அப்படி இருந்தது என்ற அளவில் கொள்க.) பிறகு தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணிகளையும் குவியலாகக் கலந்து, 'கொள்ளுங்கள்' என்று சொல்லிக் கொடுத்தான். தான் இன்னான் என்று அவன் சொன்னதாகப் பாட்டில் ஓர் எழுத்தும் இல்லை.

வாசகர்களே, இந்தக் காட்சியைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். அரண்மனையில், அவையில், நாலு பேர் பார்க்கக் கொடுப்பது ஒருவகை. ஆளரவமற்ற வழியில், பெயர் சொல்லாமல், கேட்டு முடிக்கும் முன்பே கொடுத்து அனுப்பிவிடுவது வேறு வகை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி ஸதகா செய்பவர், வேறு நிழலே இல்லாத அந்நாளில் அல்லாஹ்வின் நிழலில் இடம்பெறுவார் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதை நாம் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம். சொல்லித் தந்துவிட்டுப் பொது இடங்களில் நாம் செய்வது என்ன? பள்ளிவாசலானாலும் பள்ளிக்கூடமானாலும், நாற்பது ரூபாய்க் குழல் விளக்கில் 'உபயம்' என்று பெயரெழுதி, வெளிச்சம் பாதியாகக் குறையும்படி செய்துவிடுகிறோம். மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் பெயர் இருக்கும். விசிறி சுழன்றால் படிக்க முடியாதே என்ற கவலையும் இருக்கும்!

கொல்லிமலையில் ஓரிக்கென்று ஓர் அறை அமைந்தால், முதற் சுவரில் இக்காட்சி இடம்பெறட்டும். வில்லும் யானையும் ஓர் ஓரத்தில் இருக்கட்டும். நடுவில் அந்த ஆறு இசைக்கருவிகளையும் செய்து வைக்கலாம். முழவின் வழிவந்தவை இன்றும் நம் ஊர்களில் ஒலிக்கின்றன. யாழ் வழக்கொழிந்து விட்டது. ஆனால் ஈழத்தில் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு ஆய்ந்து எழுதிய யாழ் நூல் 1947-ல் வெளிவந்துள்ளது. யாழின் வகைகளை அதிலிருந்து அறிந்து செய்விக்க முடியும். ஒரு பிள்ளை பதலையைத் தட்டிப் பார்த்தால், பத்துப் பக்கம் பாடப்புத்தகம் தராத அறிவு அந்த ஒரு தட்டலில் கிடைத்துவிடும்.

வயிறு நிறைந்தபின் பாட்டு மறந்தது

அடுத்த பாட்டும் (153) வன்பரணர் பாடியதே. அதில் 'ஆதன் ஓரி' என்று முழுப்பெயர் வருகிறது. எங்கள் கூத்தர் சுற்றம் அவன் கொடையைக் காணச் சென்றது என்று புலவர் தொடங்குகிறார். போனவர்களுக்கு யானைகள் கிடைத்தன, அணிகலன்கள் கிடைத்தன, வெள்ளி நாரில் கோத்த, குளத்தில் பூக்காத குவளைப் பூக்களும், அதாவது மணிகளால் செய்த குவளை மாலையும் கிடைத்தன. பிறகுதான் வேடிக்கை. பசி தீர்ந்துவிட்டதாலோ என்னவோ, வாத்தியங்கள் முழங்கினாலும் இவர்கள் ஆட எழுவதில்லை. பாட்டையும் மறந்துவிட்டார்கள் என்கிறார்!

இதைப் புகழ்ச்சி என்றே உரைகாரர்கள் கொள்வர். அவ்வளவு கொடுத்தான் என்பது கருத்து. ஆனால் எனக்கு இதில் புலவரின் குறும்பும், கொஞ்சம் கவலையும் தெரிகின்றன. கலை வாழவேண்டும் என்று கொடுத்தது, கலையை மறக்கடித்து விட்டதே! கலைஞனைக் காப்பது வேறு, கலையைக் காப்பது வேறு என்பதை 1,800 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இப்பாட்டு தொட்டுக் காட்டுகிறது. பட்டமும் பொற்கிழியும் பெற்ற நாளோடு எழுதுவதை நிறுத்திவிட்ட புலவர்கள் நம் காலத்திலும் உண்டு. அதற்காகப் பசியோடு இருந்தால்தான் பாட்டு வரும் என்று சொல்லிக் கையை மூடிக்கொள்வோரும் உண்டு. இவர்கள் முன்னவரினும் மோசம். ஓரி கூத்தருக்கு நாடு கொடுத்தான் என்று சிறுபாணாற்றுப்படை சொல்லும்போது, ஆடினால்தான் நிலம் என்று நிபந்தனை விதித்தான் என எங்கும் இல்லை. அவர்கள் ஆடாமல் உட்கார்ந்திருந்தாலும் அவனுக்குச் சம்மதம் போலும்.

வெறுங்கையோடு திரும்பியவர்

மூன்றாவது பாட்டுத்தான் எனக்கு மிகவும் வேண்டியது. விழா எடுப்போர் அதை மறைத்துவிடுவார்களோ என்ற அச்சமும் எனக்கு அதைக் குறித்தே. புறநானூறு 204. பாடியவர் கழைதின் யானையார். மூங்கிலைத் தின்னும் யானை என்று பொருள்படும் இப்பெயர் இயற்பெயராக இருக்க முடியாது. அவர் கையாண்ட சொற்றொடரே பெயராகி நின்றிருக்க வேண்டும். இவர் ஓரியிடம் சொன்னதைக் கேளுங்கள். தா என்று கேட்பது இழிவு. தரமாட்டேன் என்பது அதைவிட இழிவு. எடுத்துக்கொள் என்று கொடுப்பது உயர்வு. வேண்டாம் என்று மறுப்பது அதைவிட உயர்வு.

நான்கே வாக்கியங்களில் கேட்பவன், மறுப்பவன், கொடுப்பவன், ஏற்க மறுப்பவன் என்று நால்வரையும் அதனதன் படியில் நிறுத்திவிட்டார். மேலே இருக்கும் கை கீழே இருக்கும் கையைவிடச் சிறந்தது என்ற நபிமொழியை அறிந்த நமக்கு, இது ஏதோ நம் வீட்டில் கேட்ட பேச்சைப் போலவே இருக்கிறது. அந்த நபிமொழியை மதரஸாவில் நடத்தும்போதெல்லாம் கழைதின் யானையாரையும் சேர்த்தே சொல்வது என் வழக்கம். மாணவர்கள் இரண்டையும் மறப்பதில்லை.

பாட்டு அதோடு முடியவில்லை. கடல் நீர் தெளிந்து பரந்து கிடந்தாலும் தாகமுள்ளவர் அதைக் குடிக்கமாட்டார். ஆடுமாடு இறங்கிக் கலக்கிய சேற்று நீரானாலும், குடிநீர் என்றால் அங்கே செல்லப் பல வழிகள் உண்டாகும் என்கிறார். பிறகு, பரிசில் கிடைக்காதபோது போனவர் தம் சகுனத்தையும் நேரத்தையும் நொந்துகொள்வாரேயன்றி வள்ளலைப் பழிக்கமாட்டார். ஆகவே ஓரியே, நான் உன்னை வெறுக்கவில்லை, நீ வாழ்க என்று முடிக்கிறார்.

வெறுக்கவில்லை என்று ஒருவர் சொல்ல நேர்ந்ததென்றால், வெறுக்கும்படி ஏதோ நடந்திருக்கிறது. ஒருநாள் ஓரியின் வாயிலில் ஒரு புலவர் காத்திருந்து, வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். காரணம் பாட்டில் இல்லை. போர்க் காலமாயிருக்கலாம், கருவூலம் வற்றியிருக்கலாம், மனம் சரியில்லாத ஒரு நாளாகவும் இருக்கலாம். நம் காலத்து நினைவு மலர்களில் இப்படி ஒரு செய்தியை அச்சிடுவார்களா? பெரியவர் ஒருவரைக் கௌரவிக்கும் மலரில் அவர் கதவடைத்த நாளைப் பற்றி எழுத ஒருவருக்கும் துணிவு வராது. புறநானூற்றைத் தொகுத்தவர்களுக்கு அத்துணிவு இருந்தது. அவன் கொடுத்ததைச் சொல்லும் பாட்டுகளையும், கொடுக்காததைச் சொல்லும் பாட்டையும் ஒரே நூலில் சேர்த்து வைத்தார்கள். அதனால்தான் கொடுத்ததைச் சொல்லும் பாட்டுகளையும் நம்மால் நம்ப முடிகிறது. இந்த 204-ஆம் பாட்டு இல்லாமல் ஓரிக்கு யார் கண்காட்சி வைத்தாலும் அது அரைகுறைக் கண்காட்சியே.

வள்ளலைக் கொன்ற வள்ளல்

ஓரியின் முடிவு துயரமானது. அவனைக் கொன்றவன் மலையமான் திருமுடிக்காரி. ஆம், அதே ஏழு வள்ளல்களுள் ஒருவனான காரிதான்! கொன்று, செவ்விய வேர்ப்பலா பழுக்கும் கொல்லிமலையைச் சேரர்க்குக் கொடுத்தான் என்று கல்லாடனார் அகநானூற்றில் (209) சொல்கிறார். ஓரி வீழ்ந்தபின் காரி அவன் ஊர்த்தெருவில் நுழைந்தபோது எழுந்த பேரிரைச்சலை, கபிலர் நற்றிணையில் (320) ஓர் உவமையாக எடுத்தாளுகிறார். காரியும் புலவர்களுக்கு வாரி வழங்கியவன். கபிலரே அவனைப் பாடியிருக்கிறார். சிறுபாணாற்றுப்படை இருவரையும் வள்ளல் வரிசையில் வைத்து, இருவரும் மோதியதையும் சொல்லிவிடுகிறது. கொடையாளி என்பதாலேயே ஒருவன் பிறனுடைய நாட்டுக்கு ஆசைப்படாதவன் ஆகிவிடமாட்டான் என்று தெரிகிறது. கூத்தர்களுக்கு ஓரி கொடுத்த அந்த நல்ல நாடு, ஆட்சி மாறியபின் அவர்களிடமே இருந்ததா என்பதைப் பற்றிப் பாட்டுகள் மௌனமாக இருக்கின்றன. பரணர் மட்டும் தம் காதற் பாட்டுகளில், ஒரு பெண்ணின் கூந்தல் மணத்துக்கு ஓரியின் காட்டு மணத்தை உவமை சொல்லி அவன் பெயரை வாழவைத்தார்.

அந்தப் பலாமரம் இன்றும் கொல்லிமலையில் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் பலாப்பழத்துக்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு என்பது நீங்கள் அறிந்ததே. ஓரியின் காலத்திலிருந்து இன்றுவரை மாறாமல் வந்துசேர்ந்திருக்கும் காட்சிப்பொருள் அது ஒன்றுதான் போலும்!

மண் சொல்லும் சாட்சி

ஓரி என்று ஒருவன் உண்மையில் வாழ்ந்தானா, இவையெல்லாம் புலவர் கற்பனையா என்று ஐயுறுவோரும் உண்டு. அவர்களுக்குத் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையைக் காட்டலாம். அங்கே 1981-ல் ஒரு தமிழி எழுத்துக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. அதில் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அதுவரை பாட்டில் மட்டும் வாழ்ந்த நெல்லிக்கனி வள்ளல், கல்லிலும் எழுந்து நின்றான். கரூரை அடுத்த புகழூர் மலைக் குகையில் சேரல் இரும்பொறை மரபினர் மூவரின் பெயர்களோடு, சமணத் துறவிக்குப் படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தி வெட்டப்பட்டுள்ளது. கொல்லி எந்தச் சேரர் கைக்குப் போனது என்று தேடுவோர் அந்த இரும்பொறைகளிடம்தான் வந்து சேர்வர்.

ஓரியின் பெயர் இதுவரை கல்லில் கிடைக்கவில்லை. ஆனால் அவன் அள்ளிக் கொடுத்த 'மணிக் குவியல்' வெறும் கவிதை அலங்காரம் அன்று என்பதற்குக் கொங்கு மண்ணே சாட்சி. சென்னிமலைக்கு அருகில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் அகழ்ந்தபோது பச்சைக்கல், சூதுபவளம், படிகம் ஆகியவற்றை அறுத்துப் பட்டைதீட்டி மணிகளாக்கிய பட்டறைகளே கிடைத்தன. இரும்பு உருக்கிய உலைகளும், தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று புகழும் ஊர் இதுவே என்பர். பச்சைக்கல் காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைத்தது. நம் கோவைக்குத் தெற்கே வெள்ளலூரில் 19-ஆம் நூற்றாண்டில் ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல்கள் வெளிப்பட்டன. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேலைக் கடற்கரைக்குச் சென்ற பொருளுக்கு ஈடாக வந்த காசுகள் அவை. இவ்வளவு செல்வம் ஓடிய நாட்டின் கிழக்கு விளிம்பில், மலைமேல் அமர்ந்திருந்த ஒரு தலைவன், தன்னிடம் சேர்ந்ததைப் பாடகர்களுக்கும் கூத்தர்களுக்கும் பகிர்ந்து கொடுத்தான் என்பதில் நம்பமுடியாதது ஒன்றுமில்லை.

ஆகவே ஓரியின் கண்காட்சிக்குப் பொருள் இல்லாமல் இல்லை. கரூரிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. இரண்டு நாள் விழாவுக்கு ஒரு பெட்டி மணிகளும், சில பானை ஓடுகளும், கல்வெட்டுகளின் மைப்படிகளும் மலையேறி வந்தால் போதும். 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது கொடிசியா வளாகத்தில் பழம்பொருட் கண்காட்சி வைத்தார்கள். அதைக் காணத் திரண்ட கூட்டத்தை நாம் மறக்கவில்லை. பழைய பொருளைப் பார்க்க மக்கள் வரமாட்டார்கள் என்று இனி ஒருவரும் சொல்ல இயலாது.

இன்னொரு பொருளையும் அங்கே வைக்கவேண்டும். அது ஓலைச்சுவடி. புறநானூற்றை உ.வே.சாமிநாதையர் 1894-ல் அச்சிட்டு வெளியிடும்வரை, ஓரியைப் பற்றிய இப்பாட்டுகளை அறிந்தவர் சுவடி வைத்திருந்த சிலரும், சுவடியைப் படிக்க வல்ல சிலருமே. 400 பாட்டுகளில் இரண்டு முழுதாகவே கிடைக்கவில்லை. பல பாட்டுகள் அடிகள் சிதைந்து நிற்கின்றன. செல்லுக்குச் சற்று வேறு ஏட்டின்மீது நாட்டம் வந்திருந்தால், 152-ஆம் பாட்டும் போயிருக்கும். காட்டு வழியில் ஒருவன் நாணி நின்றது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

நம் சீதக்காதி வள்ளலை இங்கே நினையாதிருக்க முடியவில்லை. கீழக்கரை ஷைகு அப்துல் காதிறு மரைக்காயரின் செல்வம் எங்கே போனதென்று கேட்டால் விடை சொல்வார் இல்லை. உமறுப் புலவரைச் சீறாப்புராணம் பாடத் தூண்டியவர் என்பதற்காகவும், இறந்தபின்பும் புலவருக்குக் கொடுத்தார் என்ற வழக்குக்காகவும் தமிழ் பேசும் எல்லாச் சமயத்தாரும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். அவர் மறைவுக்குப்பின் உமறுவைப் பேணியவர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர். புலவர் காப்பியத்தின் இடையிடையே அவரைப் பாடி வைத்தார். அந்தச் செய்யுட்கள் இல்லையேல் அபுல்காசிம் என்ற பெயர் நமக்கு எட்டியிராது.

வரும் ஆடியில் கொல்லிமலைக்குச் செல்ல எண்ணுவோர் சில ஏற்பாடுகளைச் செய்துகொள்வது நல்லது. விழா நாட்களில் கூட்டம் மிகுதி. காலையிலேயே காரவள்ளி அடிவாரத்தைக் கடந்துவிட வேண்டும். 70 வளைவுகளில் பிள்ளைகளுக்குத் தலைசுற்றும். எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். புறநானூறு மலிவுப் பதிப்பாக எல்லாப் புத்தகக் கடைகளிலும் கிடைக்கிறது. 152, 153, 204 ஆகிய மூன்று பாட்டுகளையும் உரையோடு ஒரு தாளில் பிள்ளைகள் கையாலேயே எழுதச் செய்து எடுத்துச் செல்லுங்கள். பூக்களைப் பார்த்து முடித்தபின், செம்மேட்டுச் சிலையருகே நின்று மூத்த பிள்ளை ஒன்று உரக்கப் படிக்கட்டும். மூன்றையும் படிக்கப் பத்து நிமிடம் போதும்.